கடைசி 20 பைட்டை எழுதியது யார்?

ஈ.ஆர்.சி-2771 என்ற எத்தீரியம் தரநிலையின் உரை ரொம்பச் சின்னது. டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். கையில் கேஸ் கட்டணத்துக்குக் காசு இல்லாத ஒருவருடைய பரிவர்த்தனையை இன்னொருவர் காசு போட்டு எப்படி எடுத்துச் செல்வது என்பதுதான் விஷயம். இதற்கு அண்ணனாக ஈ.ஆர்.சி-2770 என்று ஒன்று இருக்கிறது. அது வரைவாகவே தேங்கிவிட்டது. தம்பி மட்டும் ‘இறுதி’ நிலைக்குப் போய், பல ஆயிரம் கான்ட்ராக்ட்டுகளில் குடியேறிவிட்டான்.

போன சில மாதங்களாக, அலுவலக வேலை முடிந்த பிறகு அனந்தபுரத்தில் உட்கார்ந்து, இந்த இரண்டுக்கும் ஒரு மாதிரிச் செயலாக்கத்தைப் பைத்தானில் எழுதினேன். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: உரையை மட்டும் படித்து எழுதணும், மற்றவர்களுடைய நிரலைக் கடைசியில்தான் திறக்கணும். மொத்தம் சில நூறு வரிதான். அதை எழுதும்போது தோன்றியதுதான் இந்தக் கட்டுரை. என் வாதம் இதுதான்: பிளாக்செயினில் பணத்தைக் காப்பது தரநிலையின் உரை கிடையாது, மாதிரி நிரல்தான். ஆனால் தரநிலை எழுதுகிறவர்கள் மாதிரி நிரலைக் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி, கடைசியில் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி என்று நடத்துகிறார்கள்.

முதலில் கதை என்ன?

எத்தீரியத்தில் எதைச் செய்யவும் கேஸ் கட்டணம் கட்டணும். ஒருவரிடம் டோக்கன் இருக்கலாம், ஆனால் கட்டணத்துக்கு ஈதர் இல்லை என்றால் அந்த டோக்கனை அசைக்க முடியாது. பெட்டியில் நகை இருக்கிறது, அடகுக் கடைக்குப் போக பஸ்ஸுக்குக் காசு இல்லை என்கிற நிலை.

இதற்கு வழி: நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், எடுத்துப் போகிறவர் வேறு ஒருவர். ஊரில் வயசானவர்கள் வித்டிராயல் சலானில் கையெழுத்துப் போட்டு, செஞ்சி போகிற பையனிடம் கொடுத்தனுப்புவார்களே, அதேதான். அந்தப் பையன்தான் ரிலேயர். வங்கியில் காசாளர் கையெழுத்தைப் பார்த்துப் பணம் தருவார், பையனின் முகத்தைப் பார்த்து இல்லை.

பிளாக்செயினில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், கான்ட்ராக்ட் பையனின் முகத்தைத்தான் பார்க்கும். ‘அழைத்தவர் யார்’ என்று அது கேட்டால், கடைசியாகக் கதவைத் தட்டியவரின் முகவரிதான் பதிலாக வரும். கையெழுத்துப் போட்டவர் யார் என்பது அதற்குத் தெரியாது.

2771 இதை எளிதாகத் தீர்த்தது. வாசலில் ஒரு குமாஸ்தாவை உட்கார வை. அவர் பெயர் நம்பகமான ஃபார்வர்டர். அவர் கையெழுத்தைச் சரிபார்ப்பார், அந்தக் கையெழுத்து ஏற்கெனவே பயன்பட்டதா என்று வரிசை எண்ணைப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால், காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டவரின் முகவரியை எழுதி உள்ளே அனுப்புவார். எத்தீரியம் முகவரி 20 பைட். ஆகவே அனுப்பப்படும் தரவின் கடைசி 20 பைட்தான் உண்மையான ஆள். உள்ளே இருக்கும் கான்ட்ராக்ட் இரண்டே விஷயம் பார்க்கும்: கொண்டுவந்தது நம் குமாஸ்தாவா? ஆம் என்றால் கடைசி 20 பைட்டில் யார் பெயர் இருக்கிறது?

அழகான வடிவமைப்பு, சந்தேகமே இல்லை. பழைய கான்ட்ராக்ட்டில் ஒரே ஒரு இடத்தை மாற்றினால் போதும். 2020 ஜூலையில் வந்த இந்த முன்மொழிவின் ஆசிரியர் பட்டியலில் ட்ரோர் திரோஷ், யோவ் வைஸ், அலெக்ஸ் ஃபோர்ஷ்டாட் போன்ற கேஸ் ஸ்டேஷன் நெட்வொர்க் ஆட்களோடு, இந்தியர்களும் சேர்ந்து தொடங்கிய பைகானமி நிறுவனத்தின் சச்சின் தோமரும் இருக்கிறார். இந்த யோசனைக்கு நம் ஊரில் ஏன் மவுசு என்று புரிந்துகொள்ளலாம். கட்டணம் கட்ட முடியாத பயனர்தான் இங்கே அதிகம்.

எழுத உட்கார்ந்தபோது

படிக்கும்போது வராத கேள்விகள் எழுதும்போது வரும். எனக்கு வந்தவற்றில் முக்கியமானவை இவை.

முதல் கேள்வி: வந்த தரவே 20 பைட்டுக்குக் குறைவாக இருந்தால்? கடைசி 20 பைட்டை வெட்டி எடு என்று சொல்வது எளிது. பன்னிரண்டு பைட்தான் இருக்கிறது என்றால் எதை வெட்டுவது? அற்பமான கேள்வி மாதிரி தெரியும். ஆனால் உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் ஓப்பன்செப்பலின் லைப்ரரியிலேயே இதற்காக 2023-இல், 4.9.3 பதிப்பில், ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. சில வகை ஃபார்வர்டரோடு சேரும்போது, குட்டையான தரவு வந்தால், அழைத்தவர் ‘பூஜ்ஜிய முகவரி’ என்று அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது: ரிலேயர் வேண்டுமென்றே குறைவான கேஸ் போட்டு அனுப்பினால்? எத்தீரியத்தில் ஒரு கான்ட்ராக்ட் இன்னொன்றை அழைக்கும்போது மீதமுள்ள கேஸில் 64-இல் 63 பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. இது 2016-இல் வந்த இ.ஐ.பி-150 விதி. ஆக, உள்ளே நடக்கும் வேலை பாதியில் நின்றுபோய், வெளியே குமாஸ்தாவின் வேலை மட்டும் முடிந்துவிட வாய்ப்பு இருக்கிறது. வரிசை எண் செலவாகிவிடும், காரியம் நடந்திருக்காது. கையெழுத்துப் போட்டவருக்கு அந்தக் காகிதம் செல்லாக்காசு. பையன் சலானைக் கொடுத்தான், ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தது, பணம் மட்டும் வரவில்லை என்கிற கதை. ஃபார்வர்டர் எழுதுகிறவர் இதை ஞாபகமாகத் தடுக்கணும்.

மூன்றாவது: வரிசை எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று நேர்க்கோட்டில்தான் போகணுமா? போனால், ஒன்று சிக்கிக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே சிக்கும். பின்னாளில் வந்த ஈ.ஆர்.சி-4337 இதை உணர்ந்து, வரிசை எண்ணை 192 பிட் சாவி, 64 பிட் தொடர் என்று இரண்டாகப் பிரித்தது. ஒரு வரிசை நின்றாலும் இன்னொரு வரிசை நகரும்.

நான்காவது கேள்விதான் பெரியது. குமாஸ்தா எழுதிய அந்த 20 பைட், தரவு உள்ளே பயணிக்கும்போது எல்லா இடத்துக்கும் கூடவே போகிறதா? இதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும்.

உறைக்குள் உறை

மல்டிகால் என்று ஒரு வசதி இருக்கிறது. ஐந்து வேலையை ஒரே பரிவர்த்தனையில் முடிக்க, ஐந்து காகிதத்தை ஒரே உறையில் போட்டு அனுப்புவது. கான்ட்ராக்ட் உறையைப் பிரித்து, ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்து, தன்னையே ஐந்து தடவை அழைத்துக்கொள்ளும். அப்படி அழைக்கும் முறைக்கு டெலிகேட்கால் என்று பெயர். அதில் ‘அழைத்தவர் யார்’ என்பது மாறாது. வெளியே கதவைத் தட்டியவர் குமாஸ்தா என்றால், உள்ளே ஒவ்வொரு காகிதத்துக்கும் குமாஸ்தாதான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குமாஸ்தா பெயரை எழுதியது உறையின் அடியில். ஆனால் உள்ளே கான்ட்ராக்ட் ஒவ்வொரு காகிதத்தையும் தனியாக எடுத்து அதன் கடைசி 20 பைட்டைப் பார்க்கிறது. கொண்டுவந்தது குமாஸ்தாதான், சரி. அடியில் இருக்கும் பெயர்? அந்தக் காகிதத்தைத் தயாரித்த ஆள் என்ன எழுதினாரோ அது. நான் என் சொந்தக் கையெழுத்தோடு, நேர்மையான குமாஸ்தாவிடம், ஓர் உறையைக் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் காகிதத்தின் அடியில் உங்கள் முகவரியை எழுதிவைக்கலாம். கான்ட்ராக்ட் அதை நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொள்ளும்.

குமாஸ்தா பொய் சொல்லவில்லை. கையெழுத்து போலி இல்லை. மல்டிகால் தன் வேலையைச் சரியாகச் செய்தது. 2771-உம் சொன்னபடி நடந்தது. ஆனாலும் பணம் போய்விடும்.

இது கற்பனை இல்லை. ஓப்பன்செப்பலின் லைப்ரரியில் 2771 துணைக் கான்ட்ராக்ட்டும் மல்டிகாலும் 2021-இல் இருந்தே ஒரே கூரையின் கீழ் இருந்தன. இரண்டையும் சேர்த்தால் ஓட்டை என்ற விஷயம் 2023 டிசம்பரில்தான் வெளியே வந்தது. தேர்ட்வெப் என்ற நிறுவனம், தான் விநியோகித்த ஆயத்தக் கான்ட்ராக்ட்டுகளில் பாதுகாப்புக் குறை இருப்பதாக டிசம்பர் 4 அன்று அறிவித்தது. அடுத்த சில நாளில், டைம் என்ற டோக்கனில் ஒருவர் இதை வைத்தே விளையாடிவிட்டார். பரிமாற்றக் குளத்தின் முகவரியைக் காகிதத்தின் அடியில் எழுதி, குளம் தானே தன் டோக்கன்களை எரிக்கச் சொன்ன மாதிரி காட்டினார். குளத்தில் டோக்கன் குறைந்ததும் விலை எகிறியது. கையில் இருந்ததை விற்று 80 ஈதருக்கு மேல் எடுத்துக்கொண்டு போனார். ஓப்பன்செப்பலின் 4.9.4, 5.0.1 பதிப்புகளில் திருத்தம் வந்தது: உறையைப் பிரிக்கும்போது, குமாஸ்தா அடியில் எழுதியதை ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் கான்ட்ராக்ட்டே திரும்ப எழுதிக்கொள்ளும்.

நான் என் பைத்தான் செயலாக்கத்தில் இதை ஒரு சோதனையாக எழுதினேன். சோதனையின் வாசகம் ஒரே வரிதான்: ‘ஃபார்வர்டர் அ என்பவரின் கையெழுத்தைச் சரிபார்த்திருந்தால், அந்தப் பரிவர்த்தனைக்குள் நடக்கும் எந்தச் செயலும் அ தவிர வேறு யார் பெயரிலும் பதிவாகக் கூடாது.’ மல்டிகால் சேர்த்த பொம்மைக் கான்ட்ராக்ட்டை இந்தச் சோதனையில் ஓட்டினால் உடனே விழுகிறது. விழவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

உரை எங்கே பார்த்துக்கொண்டிருந்தது?

என் விமரிசனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2771-இல் பாதுகாப்புப் பரிசீலனை என்ற பகுதி இல்லாமல் இல்லை. எத்தீரியத்தின் நடைமுறை ஆவணமான இ.ஐ.பி-1 படி, அந்தப் பகுதி இல்லாமல் எந்த முன்மொழிவும் இறுதி நிலைக்குப் போக முடியாது. அதில் சொல்லியிருக்கும் எச்சரிக்கையின் சாரம்: கெட்ட ஃபார்வர்டரை நம்பாதே, அவன் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிவிடுவான். உண்மைதான். ஆனால் கவனம் முழுக்க வாசலில் இருந்தது. திருட்டு நடந்தது உள் அறையில்.

அதே இ.ஐ.பி-1 இன்னொன்றும் சொல்கிறது. நெட்வொர்க்கின் ஒருமித்த விதியை மாற்றும் முன்மொழிவுகளுக்குச் சோதனைத் தொகுப்பு கட்டாயம். ஈ.ஆர்.சி வகைக்கு அது விருப்பம். மாதிரிச் செயலாக்கமும் விருப்பம். இந்தப் பாகுபாட்டில்தான் எனக்குச் சண்டை. ஒருமித்த விதி தவறினால் செயின் பிளவுபடும், எல்லோரும் உடனே ஓடிவருவார்கள். ஈ.ஆர்.சி தவறினால் செயினுக்கு ஒன்றும் ஆகாது, தனித்தனி ஆளுடைய பணம் சத்தமில்லாமல் போகும். முதல் வகைக்குக் காவல் போட்டு, இரண்டாவதை ‘முடிந்தால் செய்யுங்க’ என்று விட்டிருக்கிறோம்.

விருப்பம் என்று விட்டால் என்ன ஆகும்? யாரோ ஒருவருடைய நிரல் தானாகவே மாதிரி ஆகிவிடும். ஓப்பன்செப்பலினில் மினிமல் ஃபார்வர்டர் என்று ஒன்று இருந்தது. இது முக்கியமாகச் சோதனைக்குத்தான், உண்மைப் பயன்பாட்டுக்குத் தேவையானவை இதில் இல்லை என்று அதன் தலையிலேயே எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். எழுதி என்ன பயன்? 2770 வரைவாகவே தேங்கியதால் ஃபார்வர்டருக்கு வேறு முன்மாதிரி இல்லை. கண்ணில் பட்டதை எடுத்தார்கள். 2023-இல் வந்த 5.0 பதிப்பில்தான் அதை நீக்கிவிட்டு, கேஸ் சரிபார்ப்பு உட்பட எல்லாம் உள்ள முழுமையான ஃபார்வர்டரை வைத்தார்கள்.

செஞ்சியில் பத்திர எழுத்தராக இருக்கும் என் மாமாவிடம் இதைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தது.

“ஏன் மாமா, பதிவுச் சட்டத்தைப் பார்த்தா பத்திரம் எழுதுறீங்க?”

“சட்டத்துல பத்திரம் இப்படி இருக்கணும்னு இருக்கா மாப்ள? போன பத்திரத்தைப் பார்த்துதான் அடுத்த பத்திரம். மூலப்பத்திரத்துல சக்குபந்தி தப்பா இருந்துதுன்னு வையி, அடுத்த நாலு பத்திரமும் அதே தப்போடதான் வரும். அஞ்சாவது ஆள் லோனுக்குப் போறப்பதான் தெரியும்.”

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில் ஆள்வது மூலப்பத்திரம். தமிழ்நாடு பதிவுத்துறை இதைப் புரிந்துகொண்டுதான் தமிழில் மாதிரி ஆவணங்களைத் தானே வெளியிடுகிறது. தப்பான மாதிரி பரவுவதைத் தடுக்க ஒரே வழி, சரியான மாதிரியை முதலிலேயே கொடுப்பது.

நம் கோயில்களில் இதைவிடப் பழைய சான்று இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பதினாறு சாண் கோல்’ என்று நில அளவு வரும். யாருடைய சாண்? என் சாணும் உங்கள் சாணும் ஒன்றில்லை. அதனால்தான் பல கோயில் சுவர்களில் அளவுகோலின் நீளத்தையே கோடாக வெட்டிவைத்தார்கள். சந்தேகம் வந்தால் உன் கோலை இந்தக் கோட்டில் வைத்துப் பார். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவல்லான் என்ற மரக்காலும் அப்படித்தான், அளவுக்கு ஒரு பெயரும் ஒரு பாத்திரமும். சொல் தரநிலை என்றால், சுவரில் இருக்கும் கோடு மாதிரிச் செயலாக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் அளவு.

நிரல் மட்டும் இருந்தால் போதுமா?

‘அப்போ உரையே வேண்டாம், நிரலையே தரநிலை ஆக்கிடலாமே’ என்று கேட்கலாம். பிட்காயின் ஏறக்குறைய அப்படித்தான் வளர்ந்தது. அதன் விளைவும் தெரியும். பல கையெழுத்துகளைச் சரிபார்க்கும் செக்மல்டிசிக் என்ற கட்டளை, அடுக்கிலிருந்து தேவைக்கு ஒன்று அதிகமாக எடுத்துவிடும். அது ஒரு பிழை. ஆனால் அந்தப் பிழையோடுதான் எல்லாக் கணினிகளும் ஒத்துப்போகின்றன. திருத்தினால் செயின் பிளவுபடும். ஆகவே அந்த வகைப் பல கையெழுத்துச் செலவுகளில் ஒரு வெற்றுப் பொருளைச் சேர்த்து வைப்பது வழக்கமாகி, அது வெறுமையாகத்தான் இருக்க வேண்டும் என்று பி.ஐ.பி-147 வழியாக விதியாகவும் ஆகிவிட்டது. தடுக்கி விழுந்த இடத்தில் கோயில் கட்டிய கதை.

வரைவை நம்பிக் கட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. எத்தீரியம் பயன்படுத்தும் ஹாஷ், கெச்சக் போட்டியில் வென்ற வடிவம். அமெரிக்கத் தர நிறுவனம் அதை 2012-இல் தேர்ந்தெடுத்தது, இறுதித் தரநிலையை 2015 ஆகஸ்டில் வெளியிட்டது. இடையில் நிரப்பு முறையில் ஒரு சிறு மாற்றம் செய்துவிட்டார்கள். எத்தீரியம் 2015 ஜூலை 30 அன்றே ஓட ஆரம்பித்திருந்தது. சில நாள் வித்தியாசம்! இன்றைக்கும் எத்தீரியத்தின் கெச்சக்-256 ஒரு விடை தரும், தரநிலையான ஷா-3 வேறு விடை தரும். பெயரைப் பார்த்து லைப்ரரி எடுத்த புதியவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம். சாலிடிட்டி மொழியே கடைசியில் ஷா-3 என்ற பெயரை எடுத்துவிட்டது.

உரை எழுதிய பிறகும் ஆளாளுக்கு வேறு மாதிரி எழுதலாம் என்பதற்கு ஈ.ஆர்.சி-20 போதும். 2015-இல் வந்த அந்த முன்மொழிவில், பணம் அனுப்பும் செயல் ‘ஆம்/இல்லை’ என்று விடை தர வேண்டும். உலகத்தில் அதிகம் புழங்கும் டெதர் டோக்கன், எத்தீரியத்தில், எந்த விடையும் தராது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சமாளிக்கவே தனியாக ஒரு பாதுகாப்புப் போர்வை நிரல் எழுதி, எல்லோரும் அதைப் போர்த்திக்கொண்டு திரிகிறோம்.

இணையத்தின் நெறிமுறைகளை உருவாக்கியவர்கள் இந்தச் சிக்கலுக்கு 1996-இலேயே ஒரு விடை வைத்திருந்தார்கள். ஆர்.எஃப்.சி-2026 படி, ஒரு நெறிமுறை அடுத்த படிக்கு ஏற வேண்டுமென்றால் வெவ்வேறு நிரல் அடித்தளத்தில் எழுதிய, ஒன்றோடொன்று பேசக்கூடிய, குறைந்தது இரண்டு செயலாக்கங்கள் இருக்கணும். ஒருவர் எழுதினால் அவர் மனசில் இருப்பதும் நிரலில் போய்விடும். சம்பந்தமில்லாத இரண்டு பேர் எழுதும்போதுதான் உரையில் இல்லாதது எது என்று தெரியும்.

இது எத்தீரியத்துக்கும் நேரடி அனுபவம். 2016 நவம்பர் 22 அன்று ஸ்பூரியஸ் டிராகன் மேம்பாடு வந்தது. இரண்டே நாளில், 24 அன்று, கெத், பேரிட்டி என்ற இரண்டு செயலாக்கங்களும் ஒரே பிளாக்குக்கு இரண்டு விடை சொல்லின. கேஸ் தீர்ந்து தோற்றுப்போன பரிவர்த்தனையில், காலிக் கணக்கை நீக்கியதைத் திரும்பப் பெற வேண்டுமா என்ற ஒரு நுணுக்கம். கெத் அதைத் திரும்பப் பெறவில்லை. செயின் சிறிது நேரம் பிளந்தது, உடனே திருத்தினார்கள். இரண்டு செயலாக்கம் இருந்ததால்தான் பிழை பிழையாகத் தெரிந்தது. கெத் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பிழையே விதியாகி, நாம் இன்றைக்கும் அதற்கு மாலை போட்டுக்கொண்டிருப்போம்.

எதிர்வாதம்

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ‘தரநிலை சிறியதாக இருக்கணும். மல்டிகால் 2771-இன் வேலையா? நாளைக்கு இன்னும் நூறு வசதி வரும், எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்க முடியுமா?’

முடியாது. ஒப்புக்கொள்கிறேன். உரையில் மல்டிகால் என்ற சொல் வந்திருக்கணும் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது, எது ஒருபோதும் நடக்கக் கூடாது என்பதைச் சோதனையாக எழுதிக் கொடுங்கள் என்பதைத்தான். மேலே சொன்ன ஒரு வரிச் சோதனையில் மல்டிகால் என்ற சொல்லே இல்லை. ஆனால் 2771-ஐப் பயன்படுத்தும் எவரும் தன் சொந்தக் கான்ட்ராக்ட்டில் அதை ஓட்டலாம். எந்தப் புதிய வசதி சேர்ந்தாலும் அது பேசும். உரை எழுதியவர் யோசிக்காததையும் சோதனை பிடிக்கும் என்பதுதான் அதன் பலம். மாதிரி நிரல் என்றாலே ‘சரியாக ஓடுகிறது பார்’ என்று காட்டும் நிரலாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். பொருட்காட்சி வீடு மாதிரி. எனக்கு வேண்டியது, எங்கே இடிந்து விழும் என்று காட்டும் நிரல்.

இன்னொரு எதிர்வாதம், 2771-இன் காலம் முடிந்துவிட்டது என்பது. 4337 வந்தாச்சு. 2025 மே 7 அன்று பெக்ட்ரா மேம்பாட்டோடு இ.ஐ.பி-7702-உம் வந்தாச்சு. சாதாரணக் கணக்கே ஒரு கான்ட்ராக்ட்டின் நிரலைக் கடன் வாங்கி ஓட்டலாம், கட்டணத்தை வேறு ஒருவர் கட்டலாம். சரி. ஆனால் 7702-இலும் அதே கோடுதான். செயின் பக்கம் நடப்பதற்கு, ஒருமித்த விதி என்பதால், கட்டாயச் சோதனைகள் இருக்கின்றன. நம் கணக்கு எந்த நிரலைக் கடன் வாங்குகிறதோ அந்த நிரலுக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. காவல் திரும்பவும் வாசலோடு நின்றுவிட்டது.

யாருக்கு வலிக்கும்?

இந்தத் தரநிலைகள் எல்லாம் யாருக்காக எழுதப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. கையில் ஈதர் வைத்திருப்பவருக்கு 2771 தேவையே இல்லை. கட்டணம் கட்ட வழியில்லாதவர், வாலட் என்றால் என்ன என்று தெரியாமல் ஓர் ஆப்பில் ‘சரி’ என்று அழுத்துகிறவர், அவருக்காகத்தான் இது. தமிழ்நாடு அரசு 2020-இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. மத்திய அரசு 2024 செப்டம்பரில் விஸ்வஸ்ய என்ற தேசியத் தொழில்நுட்ப அடுக்கை அறிமுகம் செய்தது. நாளை சாதிச் சான்றிதழோ பட்டாவோ மகளிர் குழுக் கடன் கணக்கோ இந்த மாதிரிச் சங்கிலியில் வந்தால், அனந்தபுரத்தில் யாரும் கேஸ் கட்டணம் கட்டப்போவதில்லை. நடுவில் ஒரு குமாஸ்தா நிச்சயம் இருப்பார். ‘இதைச் சொன்னது இவர்தான்’ என்று யாரோ ஒருவர் எங்கோ கடைசி 20 பைட்டில் எழுதப்போகிறார். பெயர் மாறிப்போனால், ‘நான் சொல்லலைங்க’ என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, நிரூபிக்க வழியே இல்லாத ஆளின் தலையில் விழும்.

ஆகவே அரசுத் திட்டமோ தனியார் தரநிலையோ, வரைவு என்று எது வந்தாலும் நான் கேட்கப்போவது மூன்றே கேள்வி. ஒன்று, இதற்கு ஓடக்கூடிய மாதிரி நிரல் இருக்கிறதா? இரண்டு, அதை எழுதியவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொருவர் உரையை மட்டும் படித்து எழுதி, இரண்டும் ஒரே விடை சொல்கின்றனவா? மூன்று, நடக்கவே கூடாதவை என்னென்ன என்ற சோதனைப் பட்டியல் எங்கே? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், வேறு எத்தனை பக்கம் விளக்கம் இருந்தாலும் அது இன்னும் வரைவுதான்.

என் பைத்தான் செயலாக்கத்தை யாரும் உண்மைப் பணத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். அது படிப்பதற்கு மட்டும். அடுத்து 2770-இன் அதே உரையைக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து, ஆளுக்கொரு மொழியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மூன்று விடையும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்கணும். உரை எங்கே மௌனமாக இருக்கிறது என்பது அந்த இடங்களில்தான் தெரியும்.